முன்தோல் இறுக்கம்: இழுக்கவும் வேண்டாம், உடனே வெட்டவும் வேண்டாம்

"அண்ணை, ஒரு விஷயம் கேக்கவேணும். பக்கத்தில ஆரும் நிக்கினமே?" என்று தொலைபேசியில் ஒருவர் தொடங்கினால், பெரும்பாலும் இந்தக் கதையாகத்தான் இருக்கும் என்று எனக்கு இப்போது பழகிவிட்டது. போன மாதம் விசுவமடுப் பக்கமிருந்து தம்பி முறையான ஒருவன் எடுத்தான். மகனுக்கு நாலு வயது. ஆண்குறியின் முன்தோல் பின்னால் போகவில்லை. ஒன்றுக்கு இருக்கும்போது நுனி பலூன் மாதிரி ஊதுகிறது. யாரோ 'பைமோசிஸ்' (முன்தோல் இறுக்கம்) என்று பெயரும் சொல்லி, ஒப்பரேஷன் செய்யாவிட்டால் பிற்காலத்தில் பிள்ளைப் பாக்கியம் இருக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். மனிசி மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லையாம்.

நான் வைத்தியன் இல்லை. என் மூத்தவனுக்கும் இதே விஷயம் வந்தது. செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டு, அப்புறம்தான் தேடிப் படித்தேன், கேட்க வேண்டியவர்களிடம் கேட்டேன். அது வெளியில் தெரிந்ததில் இருந்து எனக்கு இப்படி அழைப்புகள் வருகின்றன.

அவனிடம் மூன்று கேள்விதான் கேட்டேன். சலம் தாரையாகப் போகிறதா? தோலின் நுனி வெள்ளையாகத் தடித்துக் கிடக்கிறதா? சிவந்து வீங்கி, காய்ச்சலோடு அழுத நாள் உண்டா? "தாரையாத்தான் போகுது. வெள்ளை ஒண்டும் இல்லை. காய்ச்சலும் வரேல்லை." அப்படியானால் அவசரமே இல்லை, அடுத்த கிளினிக் நாளில் ஒருக்கால் டொக்டரிடம் காட்டினால் போதும் என்றேன். பிள்ளைப் பாக்கியக் கதை வெறும் புரளி. விந்து உண்டாகும் இடம் வேறு, இந்தத் தோல் வேறு. இரண்டுக்கும் தொடர்பில்லை.

பிறக்கும்போது முன்தோலும் உள்ளேயுள்ள மொட்டும் (ஆண்குறியின் நுனிப்பகுதி) தனித்தனியாக இருப்பதில்லை. நகமும் சதையும் போல என்று உறவுக்குச் சொல்வோமே, அதேமாதிரி ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். பிள்ளை வளர வளர இரண்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய படை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, ஒட்டு தானாக விடும். உதிர்ந்த கலங்கள் உள்ளே வெள்ளைக் கட்டியாகச் சேரும். தோலுக்கடியில் ஒரு சவ்வரிசி அகப்பட்டதுபோலத் தெரியும். சில தாய்மார் அதைச் சீழ் என்று நினைத்துப் பதறுவார்கள். சீழ் இல்லை, பிதுக்கவும் தேவையில்லை. ஒட்டு விடும் நாளில் தானாக வெளியே வந்துவிடும். பலூன்போல ஊதுவதும் இதோடு சேர்ந்ததுதான். ஒட்டு பாதி விட்டு, வாய் இன்னும் சின்னதாக இருக்கும் காலத்தில் சலம் முதலில் தோலுக்குள் நிறைந்து, பிறகு வெளியே வருகிறது. நோவில்லாமல், முக்காமல் போகிறான் என்றால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

எந்த வயதில் விடும் என்பதில்தான் குழப்பமே. 1949இல் டக்ளஸ் கெயர்ட்னர் என்ற பிரித்தானிய வைத்தியர் கணக்கெடுத்தபோது, பிறந்த பிள்ளைகளில் 100க்கு 4 பேருக்குத்தான் தோல் முழுதாகப் பின்னால் போனது. 3 வயதில் 100க்கு 90 பேருக்குப் போகிறது என்றும் எழுதினார். அந்த 90தான் வில்லங்கமாகிவிட்டது. 3 வயதிலும் போகவில்லையா, அப்போ வருத்தம்தான் என்று கோடு போட்டுவிட்டார்கள். அநாவசியமாகப் பிள்ளைகளை வெட்டாதீர்கள் என்று சொல்வதற்காகத்தான் அந்த மனிதர் அதை எழுதினார் என்பது வேடிக்கை. 1968இல் டென்மார்க்கில் யாக்கொப் ஓஸ்டர் என்பவர் ஏறத்தாழ 2,000 பள்ளிப் பையன்களை வருடக்கணக்காகப் பார்த்து வேறு படம் தந்தார். 6, 7 வயதில்கூட 100க்கு 63 பேருக்கு ஒட்டு முழுதாக விடவில்லை. வாய் இறுக்கமாக இருந்தது 8 பேருக்கு. 16, 17 வயதில் ஒட்டு 3 பேருக்கு, இறுக்கம் 1 ஆளுக்கு. வளர்ந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே 'முன்தோல் இறுக்கத்துக்கு என்ன சிகிச்சை' என்று கேட்டால், சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு முதல் சிகிச்சை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான். நம்மால் முடியாததும் அதுதான்.

பிள்ளையைக் குளிப்பாட்டுவதை எங்கள் ஊர்களில் எப்படிச் செய்வார்கள் என்று தெரியும்தானே. கிணற்றடியில் அம்மம்மா கால்களை நீட்டிக்கொண்டு இருப்பா. இரண்டு கால்களுக்கும் நடுவில் பிள்ளை. நல்லெண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, தலையை உருட்டி, கைகாலை மடக்கி நீட்டி, கடைசியில் குஞ்சாமணியின் தோலையும் ஒருதரம் பின்னால் தள்ளி இளஞ்சூட்டுத் தண்ணீர் விடுவா. இப்போதே செய்தால்தான் பெரியவனானபிறகு கஷ்டப்பட மாட்டான் என்பது அவவின் நியாயம். அன்பில் செய்வதுதான். ஆனால் ஒட்டியிருக்கும் தோலை இழுப்பதும் நகத்தைச் சதையிலிருந்து கிளப்புவதும் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் அதைச் செய்தது அம்மம்மா இல்லை, நான். மூத்தவனுக்கு மூன்றரை வயது. ஓரிடத்தில் காட்டியபோது, தினமும் இழுத்து விடுங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்து அன்று பின்னேரமே இழுத்தேன். ஒரு வீரிட்டல். வெள்ளைத் துவாயில் குன்றிமணி அளவில் இரத்தம். அடுத்த நாள் முழுக்க அவன் ஒன்றுக்குப் போக மறுத்தான். எரியும் என்ற பயம். வயிறு கல்லுப்போல ஆகிவிட்டது. இரவு மனிசி அவனை இளஞ்சூட்டுத் தண்ணீர்ப் பேசினுக்குள் இருத்தி, அதற்குள்ளேயே போகச் சொன்னபிறகுதான் போனான். (இந்த உபாயம் நல்லது. தோல் சிவந்து எரிகிற பிள்ளைகளுக்கும் செய்யலாம்.) அதற்குப் பிறகு இரண்டு கிழமை என் கையில் துவாயைக் கண்டாலே ஓடினான்.

இழுத்துக் கிழிந்த இடம் ஆறும்போது தழும்பாகத்தான் ஆறும். தழும்பு விரியாது, சுருங்கும். வட்டமான தோல்வாயைச் சுற்றித் தழும்பு வந்தால் வாய் இன்னும் சிறுக்கும். இயல்பாக இருந்த ஒன்றை நாமே நிசமான வருத்தமாக்கிவிடுகிறோம். என் மகனுக்குப் பிறகு கிறீம் தேவைப்பட்டதற்கு அந்த ஒருநாள் இழுவைதான் காரணமோ என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு.

சரி, பிள்ளையை எப்படித்தான் கழுவுவது? வெளியே மட்டும், வெறும் தண்ணீரால். சவர்க்காரத்தை உள்ளே விட வேண்டாம், அதனாலேயே சிவந்து எரியும். முன்தோலை முதன்முதலில் பின்னால் தள்ளும் கை அவனுடையதாக இருக்கட்டும். ஐந்து வயதிலோ பத்து வயதிலோ அவனே விளையாட்டாகச் செய்வான். அப்போது சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றுதான்: கழுவியதும் தோலைத் திரும்ப முன்னால் கொண்டுவா. இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

எது நிசமான வருத்தம்?

இங்கிலாந்தில் லிவர்பூல் வைத்தியர்கள் 1999இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. 15 வயதாவதற்குள் உண்மையான, நோயால் வந்த இறுக்கம் ஏற்படுவது 1,000 பையன்களில் ஏறத்தாழ 6 பேருக்குத்தான். அவர்களில் பெரும்பாலானோருக்கு இருப்பது ஒரு தோல் நோய். நுனித்தோல் வெள்ளையாகி, தடித்து, வெடித்து, தழும்பு வளையம்போலாகும். லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்பது அதன் பெயர். ஐந்து வயதுக்குள் அரிது. ஒன்பது, பத்து வயதில் அதிகம். இயல்பான இறுக்கத்தையும் இதையும் கண்ணாலேயே ஓரளவு பிரித்தறியலாம். தோலை மெதுவாகப் பின்னால் நகர்த்தப் பார்க்கும்போது நுனி பூ விரிவதுபோல விரிந்து, உள்ளே சிவப்புத் தெரிந்தால் அது இயல்பு. நுனி விரியாமல், வெள்ளைக் கூம்பாகக் குவிந்து நின்றால் டொக்டரிடம் காட்ட வேண்டும். முன்பு நன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்த தோல் இப்போது போகவில்லை என்றால், எந்த வயதானாலும் அதைச் சும்மா விடக்கூடாது.

அடிக்கடி சிவந்து வீங்கிச் சீழ் வருவது, சலம் நூல்போலவோ சொட்டுச் சொட்டாகவோ போவது, காய்ச்சலோடு சலக்கடுப்பு வருவது ஆகியவையும் காட்ட வேண்டியவையே. வவுனியா வடக்கு போன்ற இடங்களில் சிறுநீரக நோய்ப் பயம் எல்லோர் மனதிலும் இருப்பதால், முன்தோல் இறுக்கம் கிட்னியைப் பழுதாக்கிவிடுமோ என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரண இறுக்கம் அப்படிச் செய்யாது. கைக்குழந்தையாக இருக்கும்போதே திரும்பத் திரும்பச் சலக்கிருமி வருகிற, அல்லது பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் கோளாறுள்ள பிள்ளை என்றால் மட்டும் கணக்கு வேறு. அவர்களுக்கு முன்தோலை அகற்றுவது கிருமி வருவதைக் குறைக்கும் என்பதால் வைத்தியர் அதைச் சீக்கிரமே யோசிக்கலாம்.

கிறீம் என்ற நடுவழி

எங்கள் சனத்துக்குத் தெரிந்தது இரண்டு வழிதான். ஒன்று சும்மா விடுவது, மற்றது வெட்டுவது. நடுவில் ஒரு கிறீம் இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. தோலில் பூசுகிற மருந்து துவாரத்தை எப்படிப் பெரிதாக்கும்?

மருந்து ஸ்டீரொயிட். பெரும்பாலும் பெற்றாமெதசோன், 0.05 அல்லது 0.1 வீதம். அது இறுகிய வளையத்திலுள்ள அழற்சியை அடக்கி, தோலை மெல்லியதாக்கி, இழுபடும் தன்மையைக் கூட்டுகிறது. காய்ந்த தோலை ஊறவைத்துப் பதமாக்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பதமானபிறகு மெதுவாக விரித்தால் கிழியாமல் விரியும். ஆய்வுக்கு ஆய்வு எண் மாறினாலும், 10 பேரில் 7, 8 பேருக்காவது பலன் கிடைத்ததாகவே பெரும்பாலானவை சொல்கின்றன.

பலன் கிடைக்காதவர்களில் பலர் பூசிய முறைதான் பிழை. நாங்களும் முதல் பத்து நாள் பிழையாகத்தான் பூசினோம். நுனிக்கு வெளியே பூசிவிட்டோம். ஜட்டிக்குத்தான் மருந்து. பூச வேண்டிய இடம் அந்த இறுகிய வளையம். நோகாத எல்லைவரை தோலைச் சற்றே பின்னால் நகர்த்தி, வளையம் தெரியும்போது, விரல் நுனியில் பயறளவு எடுத்து, அந்த வட்டத்தைச் சுற்றி மெல்லியதாகத் தடவ வேண்டும். காலையும் இரவும். குளித்தபிறகு தோல் ஊறியிருக்கும்போது செய்தால் சுலபம். ஒரு கிழமை, இரண்டு கிழமை போனபிறகு, பூசும்போதே மெதுவாக விரித்துக் கொஞ்சநேரம் பிடித்து விடுவது. வெள்ளையாக இழுபடுகிறதா, பிள்ளை முகம் சுளிக்கிறானா, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளையென்றால் அவனையே செய்யச் சொல்லுங்கள். தன் கைக்கு எங்கே நோகும் என்று அவனுக்குத் தெரியும், அப்பாவின் கைக்குத் தெரியாது.

நாலு கிழமை முதல் எட்டுக் கிழமைவரை வைத்தியர் சொல்லும் காலத்துக்குச் செய்ய வேண்டும். மூன்றாம் நாள் பார்த்துவிட்டு "ஒண்டும் நடக்கேல்லை" என்று ரியூபை எறிபவர்கள்தான் அதிகம். விரிந்தபிறகு மருந்தை நிறுத்தினாலும், குளிக்கும்போது தினம் பின்னால் தள்ளிக் கழுவித் திரும்ப முன்னால் விடும் பழக்கத்தை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் சிலருக்குத் திரும்பவும் இறுகும். அப்போது இரண்டாவது சுற்றுப் பூசலாம்.

ஸ்டீரொயிட் என்றதும் பயப்படுகிறவர்கள் உண்டு. இவ்வளவு சின்ன இடத்தில், இவ்வளவு குறைந்த காலத்துக்கு, வைத்தியர் எழுதிக்கொடுத்துப் பூசும்போது பெரிய பக்கவிளைவு வருவதில்லை. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. தேமலுக்கும் படர்தாமரைக்கும் பார்மசியில் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருக்கும் மூன்று மருந்து கலந்த கிறீம் இருக்கிறதே, அதை இதற்கும் பூசுவது. அதில் எந்த ஸ்டீரொயிட் எவ்வளவு வலுவில் இருக்கிறது என்று பூசுகிறவருக்குத் தெரியாது. துண்டு எழுதி வாங்கிப் பூசுங்கள்.

லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று கண்டால் பெற்றாமெதசோன் போதாது. குளோபெற்றசோல் போன்ற வலுவானதைத் தொடக்கத்தில் கொடுத்துப் பார்ப்பார்கள். தழும்பு முற்றியிருந்தால் கிறீமை நம்பி நாளைக் கடத்துவதில் பிரயோசனம் இல்லை.

விரித்துப் பழக்குவது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புதுமுறை என்று நினைத்துவிட வேண்டாம். சுஸ்ருத சம்ஹிதையில் இந்த இறுக்கத்துக்கு நிருத்தபிரகாசம் என்று பெயர் வைத்து, இருபக்கமும் திறந்த குழாயில் நெய் தடவி உள்ளே வைத்து, மூன்று நாளைக்கு ஒருமுறை அதைவிடச் சற்றுத் தடித்த குழாயாக மாற்றச் சொல்லியிருக்கிறது. இன்று இணையத்தில் விற்கும் சிலிக்கன் வளையங்களும் அதே யோசனைதான். யோசனை சரி. கட்டிலில் இருந்துகொண்டு, ஒரே கிழமையில் முடித்துவிடுகிறேன் என்று பெரிய வளையத்தைத் திணிக்கும் இளந்தாரிகள்தான் கிழித்துக்கொண்டு வருகிறார்கள்.

கத்தி எப்போது?

கிறீம் இரண்டு சுற்றுப் பூசியும் சரிவரவில்லை, தழும்பு முற்றிவிட்டது, கிருமி விட்டுவிட்டு வருகிறது. இந்த நிலைகளில் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசலாம். அதிலும் முழுதாக அகற்றுவது ஒன்றுதான் வழி என்றில்லை. இறுகிய வளையத்தில் மட்டும் நெடுக்காகச் சிறிய வெட்டுப் போட்டு, அதைக் குறுக்காகத் தைத்தால் வளையம் அகலும், தோல் அப்படியே இருக்கும். தையல்கடையில் இறுகிய சட்டைக் கையை அகலப்படுத்துகிற வேலை மாதிரித்தான். ஆறியபிறகு தினம் பின்னால் தள்ளிப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறுகலாம். லைக்கன் நோய் இருந்தால் இது அவ்வளவு பொருந்தாது. சிலருக்கு வளையம் சரியாகத்தான் இருக்கும், மொட்டின் அடிப்பக்கம் தோலைப் பிடித்திருக்கும் மெல்லிய நார் கட்டையாக இருந்து இழுக்கும். அதை மட்டும் விடுவித்தாலே போதும். டொக்டரிடம் "தோலை வைச்சுக்கொண்டு செய்ய ஏலாதோ?" என்று கேட்பதில் பிழையில்லை. கேட்காவிட்டால் பல இடங்களில் முழு அகற்றல்தான் முதலில் பேச்சுக்கு வரும்.

முழுதாக அகற்றினால் இறுக்கம் திரும்ப வராது. அதுதான் அதன் பலம். பிள்ளைகளுக்கு முழு மயக்கத்திலும், பெரியவர்களுக்கு அடியில் விறைப்பூசி போட்டும் செய்வார்கள். பொதுவாக அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இழை தானாகக் கரையும். இரத்தம் கசிதல், கிருமி பிடித்தல், சிலருக்குப் பிறகு சலத்துவாரம் சிறுத்தல் ஆகியவை வரலாம். லைக்கன் சந்தேகம் இருந்தால் வெட்டிய தோலை ஆய்வுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

இந்துக் குடும்பங்களிலும் வேதக்காரக் குடும்பங்களிலும் இதை "சுன்னத்து" என்று சொல்லித் தயங்குவார்கள். பொடியன் குளத்தில் குளிக்கப் போனால் கூட்டாளிகள் பகிடி பண்ணுவார்கள் என்று ஒரு தாய் என்னிடம் அழுதிருக்கிறா. இது வைத்தியம், அது சமயம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குப் பகிடி பெரிய விஷயம்தான், ஆகவே அவனிடம் முன்கூட்டியே விளக்கமாகப் பேசிவிட வேண்டும். மன்னார், வவுனியா முஸ்லிம் ஊர்களில் சின்ன வயதிலேயே சுன்னத்துச் செய்துவிடுவதால் அங்கே இந்தப் பிரச்சினை பெரிதாக எழுவதில்லை. அவர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சலத்துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு முன்தோலை வெட்டிவிடக் கூடாது. அந்தக் கோளாறைச் சரிசெய்யும்போது தேவைப்படுவது அந்தத் தோல்தான். எனவே சுன்னத்துச் செய்யும் ஒஸ்தாவிடம் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், முதலில் ஒரு டொக்டர் பார்த்துவிடட்டும்.

சென்னை ஆஸ்பத்திரிகளின் லேசர் வீடியோக்கள் இப்போது எல்லோர் தொலைபேசியிலும் வருகின்றன. "வலியில்லை, இரத்தமில்லை, பத்து நிமிடம்" என்பார்கள். லேசர் என்பது வெட்டுகிற கருவி. வெட்டுவது அதே தோலைத்தான். வெட்டுவதையும் தைப்பதையும் ஒன்றாகச் செய்யும் ஸ்டேப்ளர் முறையில் நேரம் மிச்சம் என்பது உண்மை, செலவு கூட என்பதும் உண்மை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் அரசாங்கத்தின் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன. சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு துண்டு எடுத்துப் போனால் காசில்லாமல் ஆகிற காரியத்துக்குக் காணியை ஈடுவைத்துப் பிளேன் ஏறுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கத்தவர்கள் முதலில் அங்குள்ள ஆதார வைத்தியசாலையில் காட்டலாம். தேவையென்றால் அவர்களே மேலே அனுப்புவார்கள்.

பின்னால் போய்த் திரும்பாவிட்டால்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் நாள் பார்க்கலாம். இதற்கு மட்டும் பார்க்க முடியாது. இறுக்கமான தோலைப் பின்னால் தள்ளிவிட்டு, திரும்ப முன்னால் விடாமல் விட்டால் வளையம் மொட்டின் கழுத்தை இறுக்கும். இரத்தம் திரும்ப முடியாமல் மொட்டு வீங்கும். வீங்க வீங்க வளையம் இன்னும் இறுகும். சில மணித்தியாலங்களில் சதை கெட்டுப்போகலாம்.

கடும் நோவு இருப்பதால் நல்ல உடல்நிலையில் உள்ளவன் ஓடிவந்துவிடுவான். நான் நினைப்பது வேறு ஆட்களை. யுத்தத்தில் முள்ளந்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இருக்கும் ஆண்கள் வன்னி ஊர்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சலக்குழாய் வைத்திருப்பார்கள், அல்லது நாளில் சிலமுறை குழாய் விட்டு எடுப்பார்கள். குழாய் வைப்பதற்காகத் தோலைப் பின்னால் தள்ளுகிற கை, வேலை முடிந்ததும் அதை முன்னால் விட மறந்துவிட்டால், அந்த மனிதருக்கு நோகாது. சாரத்துக்குள் என்ன நடக்கிறது என்று அடுத்த முறை துடைக்கும்போதுதான் தெரியும். மேல் முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவர்களாயின் திடீர்த் தலையிடி, முகத்தில் வியர்வை, சட்டென்று ஏறும் இரத்த அழுத்தம் என்றுகூடக் காட்டும். அது உயிருக்கே ஆபத்து. ஆகவே பராமரிக்கும் மனைவிமாருக்கும் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டியது: குழாய் மாற்றியதும், துடைத்ததும், தோல் முன்னால் வந்துவிட்டதா என்று ஒருதரம் பாருங்கள். ஆஸ்பத்திரியில் குழாய் வைத்து அனுப்பினாலும் வீட்டுக்கு வந்ததும் பாருங்கள்.

நடந்துவிட்டால், துணியில் சுற்றிய ஐஸை கொஞ்சநேரம் வைத்து, வீங்கிய இடத்தை உள்ளங்கையால் சுற்றிப் பிடித்து, ஐந்து நிமிடம்போல விடாமல் அமுக்கி நீரை வடியச் செய்து, பிறகு இரண்டு பெருவிரலாலும் மொட்டை உள்ளே தள்ளித் தோலை முன்னால் இழுத்துப் பார்க்கலாம். வரவில்லை என்றால் மறுபடி மறுபடி முயலாமல் புறப்பட வேண்டும். உணர்வில்லாதவர்களுக்கு ஐஸ் வைக்காதீர்கள், தோல் கருகினாலும் தெரியாது, நேரே கொண்டுபோங்கள். ஒட்டுசுட்டான் உள்பக்கமோ துணுக்காய் உள்பக்கமோ, இரவில் வாகனம் இல்லையென்றால் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆஸ்பத்திரியில் சிலவேளை சீனியை அந்த வீக்கத்தில் அப்பி வைப்பார்கள். ஊறுகாய்க்கு உப்புப் போட்டால் தண்ணீர் விடுவதுபோல, சீனி வீக்கத்து நீரை உறிஞ்சிவிடும். அதிலும் சரிவராவிட்டால் விறைப்பூசி போட்டு வளையத்தில் ஒரு வெட்டு. முழு அகற்றல் தேவையென்றால் வீக்கம் வற்றியபிறகு.

பெரியவர்களுக்கு வரும்போது

நாற்பது, ஐம்பது வயதுவரை ஒன்றும் இல்லாமலிருந்த ஒருவருக்கு முன்தோல் இறுகத் தொடங்கி, விளிம்பில் மெல்லிய கீறல் கீறலாக வெடித்து எரிகிறதென்றால், அவர் முதலில் செய்ய வேண்டியது இரத்தத்தில் சீனி பார்ப்பது. சீனி கூடிச் சலத்தில் போகும்போது தோலுக்கடியில் பங்கசு வளர்ந்து, வெடித்து, ஆறி, மீண்டும் வெடித்துத் தழும்பாகிறது. சலரோகம் இருப்பதே இதனால் தெரியவந்தவர்கள் உண்டு. ஏற்கெனவே சலரோகத்துக்கு டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற குளிசை எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். அவை சீனியைச் சலத்தோடு வெளியேற்றி வேலை செய்வதால் இந்தப் பங்கசுத் தொல்லை கூடும். குளிசையை நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். சீனியைக் கட்டுப்படுத்தாமல் தோலை மட்டும் வெட்டினால் காயம் ஆறுவதும் இழுபடும்.

இறுகிய தோலுக்கடியில் ஆறாத புண், கட்டி, நாற்றமுள்ள இரத்தக் கசிவு இருந்தால் அது ஆண்குறிப் புற்றுநோயாக இருக்கலாம். அரிதானது. ஆனால் இறுக்கமும், சுருட்டு பீடி புகைப்பதும், உடலுறவால் தொற்றும் எச்பிவி வைரசும் அதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. மூடிய தோலுக்குள் இருப்பதைப் பார்க்க முடியாது என்பதால், அறுபது வயது அப்புவாக இருந்தாலும் டொக்டர் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

இளந்தாரிகளின் கதை வேறு. மென்மையாக இருக்கும்போது தோல் பின்னால் போகும், விறைக்கும்போது போகாது. கலியாணம் பேசி முடிந்தபிறகு, கிழமைக் கணக்கு மிஞ்சியிருக்கும்போது கேட்பார்கள். தழும்பு இல்லையென்றால் இவர்களுக்கும் முதலில் கிறீம்தான். இரண்டு மாதம் முன்னால் கேட்டிருந்தால் கத்தியே தேவைப்படாமல் போயிருக்கும். கிளினிக்கில் பெண் டொக்டராக இருந்தால் வெட்கமாக இருக்கிறது என்பார்கள். "ஆண் டொக்டரிடம் காட்ட விருப்பம்" என்று துண்டு எடுக்கும்போதே சொல்லலாம். வரிசையில் நிற்கும் ஆட்களுக்குக் கேட்கும் என்று பயந்தால் "சலம் போகேக்க எரியுது" என்று மட்டும் சொல்லி உள்ளே போய் மிச்சத்தைச் சொல்லுங்கள்.

வெட்டுவதென்றே முடிவானால் நாளை நீங்களே கொஞ்சம் யோசித்துக் கேளுங்கள். முதல் சில நாள் வீக்கம் இருக்கும், மொட்டு துணி படவே கூசும். வசிலின் தடவி, தளர்வான சாரத்தோடு இருக்க வேண்டும். இரவில் விறைப்பு வரும்போது இழை இழுக்கும், எழும்பிக் கொஞ்சநேரம் நடந்தால் அடங்கும். உடலுறவும் சுயஇன்பமும் நாலு முதல் ஆறு கிழமைக்கு இல்லை. மோட்டார்சைக்கிள், உழவு இயந்திரம், வயல் சேறு, குளத்துத் தண்ணீர் எல்லாம் காயம் ஆறும்வரை தள்ளி வைக்க வேண்டும். பெரும்போக அறுவடை முடிந்து நெல்லையும் ஏற்றியபிறகு, சிறுபோகத்துக்கு வயலில் இறங்குவதற்கு முன் கிடைக்கும் இடைவெளிக்குள் நாள் தரச் சொல்லிக் கேட்டால், பெரும்பாலான டொக்டர்மார் மாட்டேன் என்பதில்லை.